பெருநாள் தனிமையும் பழம்பாடல் துணையும்

பெருநாள் என்பது கூடியிருக்கும் நாள். தோளோடு தோள் சேரத் தொழுகையில் நிற்பதும், தொழுகை முடிந்தபின் ஒருவரையொருவர் தழுவிக்கொள்வதும், இல்லாதார்க்கு ஈவதும், உற்றார் இல்லங்களுக்குச் சென்று உண்டு மகிழ்வதும் பெருநாளின் இலக்கணங்கள். நம் சமுதாயத்துப் பெருநாளுக்கு மட்டும் உரிய இலக்கணம் அன்று இது. பொங்கலும் தீபாவளியும் கிறிஸ்துமஸும் உறவைக் கூட்டுவிக்க வந்த நாள்களே. ஆனால் கூடுவதற்கு உறவு அருகில் இல்லாதவர்க்கு அந்நாள் எத்தகையதாக இருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலை நாள்களில் தனிமை ஒருவாறு மறைந்து கிடக்கிறது. கடைகள் அடைத்து, அலுவலகங்கள் மூடி, தெருவெங்கும் சிரிப்பொலி எழும் திருநாளில்தான் தனித்திருப்பவரின் தனிமை வெளிப்பட்டு நிற்கிறது.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமை இத்தகைய தனிமையை நன்கறியும். வானம் பார்த்த பூமி இது. வடகிழக்குப் பருவமழை வந்தால் கம்பும் பருத்தியும் உளுந்தும் உண்டு. வாராதொழிந்தால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே வழி. ஆதலின் இம்மண்ணின் பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். அங்கே அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் மகனுக்கும், இங்கே திண்ணையில் அமர்ந்திருக்கும் தாய்க்கும் பெருநாள் ஒருசேர வருகிறது. இருவரும் என்ன செய்கின்றனர்? பெரும்பாலோர் ஒரு பழைய பாட்டைத் தேடுகின்றனர். பழைய திரைப்பாடல், பழைய பக்திப் பாடல், எப்போதோ வானொலியில் கேட்ட பாடல். அதைக் கேட்டதும் நெஞ்சு ஆறுகிறது என்கின்றனர்.

இதனை மனத்தளர்ச்சி என்று நகைப்போர் உளர். வீண்பொழுது என்று கடிவோரும் உளர். இவ்விருசாரார்க்கும் விடையாகவும், நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோளாகவும் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகிறோம்.

குழலும் குரவையும்

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். உண்ணும் உணவைப் போலவே கேட்கும் இசையும் ஒரு நிலத்து மக்களின் வாழ்வோடு பிறந்தது என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் இசை எப்போதும் ஆறுதல் தருவதில்லை. திருவள்ளுவர் 'பொழுதுகண்டிரங்கல்' என்னும் அதிகாரத்தில், தலைவனைப் பிரிந்து தனித்திருக்கும் தலைவிக்கு மாலை வேளையில் ஆயன் ஊதும் குழலோசை உயிரை வாட்டும் கருவியாகத் தோன்றுவதைக் காட்டுகிறார். குழலில் குற்றம் இல்லை, கேட்பவள் தனியள், அதுவே காரணம்.

இதற்கு மறுதலையாக இளங்கோவடிகள் ஒரு காட்சியைத் தருகிறார். மதுரையின் புறஞ்சேரியில் ஆயர் குடியில் கண்ணகி அடைக்கலமாக இருக்கிறாள். கோவலன் சிலம்பு விற்கச் சென்றிருக்கிறான். ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. குடத்திலிட்ட பால் உறையவில்லை. மாதரி அஞ்சுகிறாள்; கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். எழுவர் மகளிர் கைகோத்து நின்று பாடி ஆடுகின்றனர். அதுவே ஆய்ச்சியர் குரவை.

அக்குரவை வரவிருந்த துயரைத் தடுக்கவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தி வந்தே தீர்ந்தது. ஆனால் அச்செய்தி வந்தபோது கண்ணகி தனித்திருக்கவில்லை. அவளைச் சுற்றி ஆயர்மகளிர் நின்றனர். பாட்டு அவர்களை ஓரிடத்தில் கூட்டி வைத்திருந்தது.

இவ்விரண்டு இடங்களையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். தனியே கேட்கும் இசை வாட்டவும் கூடும். கூடிக் கேட்கும் இசை தாங்கிக்கொள்ளும். அங்ஙனமாயின், தனித்திருப்பவர் தனியே கேட்கும் பழைய பாட்டு அவருக்கு ஆறுதல் தருவது எவ்வாறு? அப்பாட்டை அவர் முதன்முதலில் கேட்டது தனிமையில் அன்று என்பதே விடை. என்றோ ஒரு வீட்டில், ஒரு முற்றத்தில், ஒரு தேநீர்க் கடையில் பலரோடு கேட்ட பாட்டு அது. பாட்டு திரும்ப ஒலிக்கும்போது அப்பலரும் உடன் வருகின்றனர். பழம்பாடல் என்பது நினைவில் ஆடும் குரவை எனலாம்.

கரிசல் மண் கேட்ட பாட்டு

இசைக்கு வறண்ட நிலம் அன்று இக்கரிசல் நிலம். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் நோக்கி வந்தபோது, வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு மனம் நொந்து, மழை வேண்டிப் பாடினார் என்று வழிவழியாகக் கூறுவர். அவர் 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவர்தம் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904இல் அவ்வூரில்தான் அச்சேறியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5,027 விருத்தங்களில் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அவ்வெட்டயபுரத்திலேயே. விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே இராகத்தை நெடுநேரம் பாடக் கேட்டு மெய்மறந்தோர் இச்சீமையில் பலர்.

ஆனால் இவையெல்லாம் அரண்மனைக்கும் சபைக்கும் உரியனவாக இருந்தன. உழுவோர் வீட்டுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்வோர் வீட்டுக்கும் இசையைக் கொண்டு சேர்த்தவை மூன்று: திருமண வீட்டில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, தேநீர்க் கடை வானொலி, பின்னர் வந்த ஒலிநாடா. காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) கோவில்பட்டியில் வாழ்ந்தவர். அவர் சிலை இன்றும் இவ்வூரில் நிற்கிறது. திருவிழாப் பந்தலில் அவர் வாசிப்பைக் கேட்டவர் சில ஆயிரம் பேர் என்றால், 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் இழைந்த பாடலைக் கேட்டவர் எண்ணிறந்தோர். அவர் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அப்பாடலோ தேநீர்க் கடைகளில் ஒலித்துக்கொண்டே இருந்தது. மறைந்த மனிதர் ஒருவரின் மூச்சு ஊரின் நடுவே நாள்தோறும் கேட்டது என்றால் அது மிகையன்று.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தோன்றியது. அதற்கு முன்பும் பின்பும் நம் கடற்கரை மாவட்டங்களில் இலங்கை வானொலியே வீட்டு விருந்தாளியாக இருந்தது. மயில்வாகனனும் பி.எச். அப்துல் ஹமீதும் இந்நிலத்துக் குடும்பங்களுக்கு உறவினர் போன்றவர்கள். அவ்வானொலி பாட்டை மட்டும் ஒலிபரப்பவில்லை. பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் படித்தது. எங்கோ ஓர் ஊரில் இருக்கும், நாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவர் இதே பாட்டை இதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் எண்ணம் அதனால் பிறந்தது. அவ்வெண்ணமே பாதித் துணை.

இவ்வானொலியைக் கேட்டவர்கள் கைகட்டி அமர்ந்து கேட்கவில்லை. வீடுதோறும் பெண்கள் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டே கேட்டனர். பசைக் கிண்ணம் ஒருபுறம், அடுக்கிய கூடுகள் ஒருபுறம், நடுவே மாடத்தில் வானொலிப் பெட்டி. பாட்டு அவ்வேலையின் களைப்பைப் பகிர்ந்துகொண்டது.

பள்ளியின் மினாராவும் ஹனீபாவின் குரலும்

நம் சமுதாயத்திற்கு இந்நினைவில் தனியிடம் பெற்றவர் நாகூர் ஈ.எம். ஹனீபா. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த அவர், அறுபதாண்டுகளுக்கும் மேலாகப் பாடினார். நோன்பு மாதம் என்றால் அவர் குரல். நிக்காஹ் வீடு என்றால் அவர் குரல். இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவரது புகழ்மிக்க பாடலை முஸ்லிம்கள் மட்டுமே கேட்டனர் என்று எவரும் கூற இயலாது. 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து, எல்லாரும் கூடிக் கொண்டாட அழைக்கும் பாட்டையும் அவர் பாடினார். உச்சத்தில் நின்று தெளிவாக ஒலிக்கும் அக்குரல், சொல்லைச் சிதைக்காமல் செவியில் சேர்க்கும். தமிழாசிரியர்க்கு இது பெரிய மகிழ்ச்சி.

நம் இளமையில் நோன்புக் காலத்துச் சஹர் வேளைகளில் பக்கிரிஷாக்கள் தப்ஸ் கொட்டிப் பாடித் தெருவை எழுப்புவர். வீட்டில் அம்மா அடுப்பு மூட்டுவார். அத்தா, வளைகுடாவிலிருந்து சாச்சா கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் ஹனீபாவின் ஒலிநாடாவைப் போடுவார். தூக்கக் கண்களோடு நாங்கள் உண்பதற்கும் பள்ளியில் பாங்கு ஒலிப்பதற்கும் இடையே அக்குரல் நிறைந்திருக்கும். அன்று நாம் அதைப் பாட்டென்று எண்ணிக் கேட்டதில்லை. அது வீட்டின் ஓசைகளுள் ஒன்று. அதன் அருமையைப் பின்னர் ஒரு பெருநாளில்தான் உணர்ந்தோம்.

2020ஆம் ஆண்டுப் பெருநாள்

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. பள்ளிவாசல் கதவுகள் மூடப்பட்டன. நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டன. நம் துணைவியாரும் மக்களும் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் இருந்த தாய்வீட்டுக்குச் சென்றவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். நாம் விண்ணப்பித்தது கிட்டவில்லை. நோன்பு முழுவதும் கோவில்பட்டி வாடகை வீட்டில் தனியே நோற்றோம். மே 25 அன்று பெருநாள்.

அன்று காலை குளித்து, இருந்ததில் நல்ல ஆடையை உடுத்து, வீட்டுக் கூடத்தில் தனியே தொழுதோம். தழுவிக்கொள்ள ஒருவரும் இல்லை. தொலைபேசியில் பிள்ளைகளின் முகம் கண்டோம். பேசி முடித்துத் தொலைபேசியைக் கீழே வைத்தபின் வீட்டில் எழுந்த அமைதியை எழுத்தில் கூறுவது அரிது. வெளியே கத்திரி வெயில். பேருந்தொலியும் இல்லை.

பொழுது போகாமல் பரணைத் துழாவியபோது, மறைந்த அத்தாவின் டேப் ரிக்கார்டரும் ஒரு பெட்டி ஒலிநாடாக்களும் கிடைத்தன. ஒவ்வொன்றின் மேலும் அத்தாவின் கையெழுத்தில் பெயர் இருந்தது. ஒன்றை எடுத்து, தளர்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கிப் போட்டோம். சற்றே இழுபட்டு, நடுங்கிப் பின் தெளிந்தது ஹனீபாவின் குரல். அடுப்படியில் அம்மாவின் வளையல் ஓசை கேட்பது போல் இருந்தது. கண்கள் கலங்கின. ஆயினும் காலையில் இருந்த கனம் நெஞ்சில் இல்லை.

அப்போது சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த முதிய பெண்மணி அவர், ஊரார்க்கெல்லாம் ஆச்சி.

“வாத்தியார் தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் சத்தமா வையிங்க. எங்க வீட்டுல அவுக இருக்கையில ரேடியோவுல கேட்ட பாட்டு.”

“இந்தா வைக்கிறேன் ஆச்சி” என்று ஒலியைக் கூட்டினோம்.

சுவரின் இருபுறமும் இருவர் அமர்ந்து அந்நாடா முடியும்வரை கேட்டோம். மறுபக்கத்தையும் கேட்டோம். பின்னர் ஆச்சி சுவரின் மேல் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு விலகி நின்றார். கடலைமிட்டாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவ்வாண்டில்தான். “நல்ல நாளும் அதுவுமா வாய் இனிக்கணும்ல” என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் நம்மைத் தைத்தது: “போன தீவாளிக்கும் பிள்ளைக யாரும் வரல தம்பி. ரேடியோதான் துணை.”

அந்தத் தீபாவளியன்று நாம் எங்கே இருந்தோம்? அதே வீட்டில், விடுமுறை என்று மனைவி மக்களோடு மகிழ்ந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். இடையில் இருந்தது ஒரு சுவர். இரண்டாண்டுகள் அண்டை வீட்டில் வாழ்ந்தும் “சொகமா ஆச்சி” என்பதைத் தாண்டி ஒரு சொல் பேசியதில்லை. அண்டை வீட்டார் உரிமையை அத்துணை வலியுறுத்தும் மார்க்கத்தில் பிறந்து, அறத்துப்பாலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியும், ஒரு பழம்பாட்டு சுவரைத் தாண்டிச் சென்றபின்தான் அந்த அண்டை வீட்டார் நமக்குத் தெரிந்தார். இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை; நாணத்தோடு சொல்கிறோம்.

அவ்வாண்டு நவம்பர் 14இல் தீபாவளி வந்தது. துணைவியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆச்சியின் வீட்டுக்குச் சென்றோம். தீப்பெட்டிக் கூடு ஒட்டிய நாள்களில் பாடிய பாட்டு ஏதும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். வெட்கப்பட்டுச் சிரித்தார், பிறகு பாடினார். நம் இளைய மகள் அருகில் அமர்ந்து தாளம் போட்டாள்.

கடல் கடந்த ஒரு சான்று

இவ்வனுபவம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இர்விங் பெர்லின் என்னும் பாடலாசிரியர் வாழ்ந்தார். ரஷ்யப் பேரரசில் பிறந்து, சிறுவயதிலேயே குடிபெயர்ந்து வந்த யூதர். 1928 டிசம்பர் 25ஆம் நாள், ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அன்று, அவருடைய பச்சிளங் குழந்தை இறந்தது. அவர் இயற்றிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்னும் பாடலை 1942இல் பிங் கிராஸ்பி பாடி வெளியிட்டார். பழைய திருநாள் ஒன்றை ஏங்கி நினைக்கும் எளிய பாடல் அது. இரண்டாம் உலகப் போரில் வீட்டைப் பிரிந்து தொலைநாடுகளில் கிடந்த படைவீரர்கள் அதனை மீண்டும் மீண்டும் கேட்க விழைந்தனர். அந்நாள் தமக்குத் திருநாள் அல்லாத ஒருவர், அந்நாளில் தம் மகவை இழந்த ஒருவர், பிறர் தம் திருநாளைத் தாங்கிக்கொள்ள ஒரு பாட்டைத் தந்தார். முஸ்லிம் ஒருவரின் குரல் இந்து மூதாட்டி ஒருவரின் மறைந்த கணவரை அவர் கண்முன் கொணர்ந்ததை இதனோடு வைத்து எண்ணுக. நல்ல பாட்டு ஒரு சமயத்தில் பிறந்தாலும் எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

இரு மறுப்புகள்

இனி மறுப்புகளுக்கு வருவோம். சமுதாயப் பெரியோர் சிலர், பெருநாளில் பாட்டெதற்கு, திக்ரும் திலாவத்தும் இல்லையா என்பர். அவர்தம் கருத்தை மதிக்கிறோம். இறைநினைவே உள்ளத்தை அமைதியுறச் செய்வது என்பதில் நமக்கு ஐயமில்லை. இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புரைக்கும் தகுதி தமிழாசிரியராகிய நமக்கில்லை. ஆயினும் தமிழ்த்துறை சொல்லக்கூடிய ஒரு செய்தி உண்டு. முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளை வழங்கிய சமுதாயம் நம்முடையது. குணங்குடி மஸ்தான் சாகிபு பாடினார். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை கண்டதோடு, சீறாச் சொற்பொழிவும் நிகழ்த்தினார். கருவி இல்லாமல் குரல் ஒன்றாலேயே கூட்டம் கூட்டிய மரபு நமக்கு உண்டு. கருவியை விலக்குவோர் அம்மரபை மீட்கலாம். ஆனால் தனித்திருப்பவர் ஒருவரின் கையிலிருந்து அவருடைய ஒரே துணையை விலக்கச் சொல்பவர், அவ்விடத்தில் தாமே சென்று துணையாக அமர வேண்டும். அமர இயலாதவர் அவரைக் கடிந்துகொள்ளாதிருப்பதே நன்று.

மற்றொரு சாரார், பழம்பாட்டில் மூழ்குவது இறந்தகாலத்தைப் பொற்காலமாகக் காணும் மயக்கம் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. அன்றைய கரிசல் சீமை பொற்சீமை அன்று. தீப்பெட்டி ஆபீஸ்களில் படிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் விடியற்காலையில் வண்டியேறிச் சென்று குச்சியடுக்கினர். நாம் இன்று இனிமையாக நினைக்கும் அதே பாட்டு அவ்வண்டியிலும் ஒலித்திருக்கும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் விரும்பலாகாது. நாம் வேண்டுவது காலத்தை அன்று. அக்காலத்தில் வறுமையின் நடுவிலும் மக்கள் ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்திருந்தனரே, அந்த அருகாமையை. பாட்டு அதன் அடையாளம். அடையாளத்தைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டால் அதுவே மயக்கம்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்விடத்தில்தான் நம் கவலை பிறக்கிறது. இன்று நம் மாணவர் ஒவ்வொருவர் செவியிலும் ஒரு கருவி இருக்கிறது. விடுதி அறையில் நால்வர் இருந்தால் நான்கு பாட்டுகள் ஒலிக்கின்றன; ஒருவர் கேட்பது மற்றவர்க்குத் தெரியாது. இன்னின்னார்க்கு இன்னின்ன பாட்டு என்று கணிப்பொறியே தேர்ந்து கொடுக்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பதாண்டுகள் கழித்து, ஏதோ ஒரு தொலைநாட்டில், ஒரு பெருநாளில் அவர் தனித்திருக்கும்போது, இன்று கேட்ட பாட்டு திரும்ப ஒலிக்கும். அது யாரை உடன் அழைத்து வரும்? பலரோடு கேட்ட பாட்டு பலரைக் கொணரும். தனியே கேட்ட பாட்டு தனிமையைத்தானே கொணரும்?

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, நாளுக்கு ஒரு பாட்டையேனும் பலரோடு கேளுங்கள். வீட்டில் அம்மாவோடு, விடுதியில் அறைத்தோழரோடு, அவர்களுக்குப் பிடித்த பாட்டையே கேளுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள்.

இரண்டாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் நினைவில் உள்ள பாட்டுகளைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டில், எந்த வீட்டில், யாரோடு கேட்டார் என்பதையும் எழுதுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் நாட்டுப்புறவியலுக்கு உரியவை என்று ஏற்கும் நாம், தேநீர்க் கடை வானொலியையும் பெருநாள் ஒலிநாடாவையும் ஆய்வுக்கு அப்பால் நிறுத்த வேண்டியதில்லை. அவையும் ஒரு தலைமுறையின் வாய்மொழி வரலாறு. இவ்வேட்டைத் தொகுக்க நம் தமிழ்த்துறை முன்வரட்டும்.

மூன்றாவதே தலையாயது. பெருநாள் வாழ்த்தோடு ஒரு பாட்டைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிராதீர்கள். நம் தெருவில் தனித்திருப்பவர் யார் என்று அறிந்து, அவர் கதவைத் தட்டுங்கள். அவர் எச்சமயத்தார் ஆயினும் தட்டுங்கள். வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊர்களில் உழைக்கும் இளைஞரும் தம் திருநாள்களில் கைப்பேசியில் தம் மண்ணின் பழம்பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். நம் மக்கள் வளைகுடாவில் இருந்த நிலையே அவர்கள் நிலை. ஒரு கிண்ணம் சேமியாப் பாயசத்தோடு அவ்வறைக்குச் செல்பவர், அங்கு ஒலிக்கும் பாட்டின் மொழி புரியாவிடினும் அதன் பொருளை அறிந்துகொள்வார்.

பழம்பாட்டு துணை செய்யும், அதை மறுத்தற்கில்லை. 2020ஆம் ஆண்டில் அது நமக்குச் செய்த துணையை வாழ்நாள் உள்ளளவும் மறவோம். ஆயினும் அன்று ஒலிநாடா முடிந்தபின்னும் நம் தனிமையைப் போக்கி நின்றது சுவருக்கு அப்பாலிருந்து வந்த ஒரு மனிதக் குரல். பாட்டின் வேலை அக்குரலை வரவழைப்பது. வந்த குரலுக்கு விடை சொல்வதும், அடுத்த திருநாளில் அது அழைக்குமுன் நாமே சென்று அழைப்பதும் நம் வேலை.

பெருநாள்தோறும் ஒரு கதவையேனும் தட்டும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.